பிரசவத்துக்குப் பணம் உண்டு, லூப்புக்கு இல்லை: இது சரியா?

மீனா (அல்சூர்):
எனக்கு வயது 34, இரண்டு பிள்ளைகள். சின்னவள் பிறந்த பிறகு மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாகி ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கிவிட்டது. டாக்டர் ஹார்மோன் லூப், அதாவது கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம், போட்டுக்கொள்ளச் சொன்னார். போக்கும் குறையும், அடுத்த குழந்தை பற்றிய பயமும் ஐந்து வருடத்துக்கு இருக்காது என்றார். போட்டுக்கொண்டேன். லூப், ஸ்கேன், டாக்டர் ஃபீஸ் எல்லாம் சேர்த்து 15,400 ரூபாய் ஆனது.

கம்பெனி மெடிக்கல் பாலிசியில் கிளெய்ம் போட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு வரி பதில் வந்தது: "விலக்கு 17, கருத்தடை." விலக்கு என்றால் பாலிசி பணம் தராத செலவு. இதே பாலிசி என் இரண்டாவது பிரசவத்துக்கு 60,000 கொடுத்தது! எங்கள் தலைமை அலுவலகம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 2012 முதல் பெரும்பாலான இன்சூரன்ஸ் திட்டங்கள் லூப், கைத்தோலுக்கு அடியில் வைக்கும் கருத்தடை இம்ப்ளான்ட் எல்லாவற்றையும் பெண்ணிடம் கைக்காசு வாங்காமல் தர வேண்டும் என்று சட்டமே உண்டு. என் டீமில் அங்கே இருப்பவளுக்கு இலவசம், பெங்களூரில் இருக்கும் எனக்கு 15,400. இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

கணேசன் (முருகேஷ்பாளையம்):
மீனா, உங்கள் கோபம் புரிகிறது. இருபது வருடமாக இன்சூரன்ஸ் துறையில் இருக்கிறேன், அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். விலக்கு 17 உங்கள் கம்பெனி கண்டுபிடித்தது இல்லை. 2019-ல் இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விலக்கு வாசகங்களை எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவாக்கியபோது வந்த எண் அது. கருத்தடை, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை), வாடகைத்தாய் எல்லாம் அந்த ஒரே தலைப்பில் வரும்.

இன்சூரன்ஸ் என்பது எப்போது வரும் என்று தெரியாத செலவுக்கு. லூப் நாள் குறித்துப் போடுவது. 15,400-ஐ ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 257 ரூபாய்தான். அதை எல்லார் தலையிலும் வைத்தால் பிரீமியம் ஏறும். அமெரிக்காவிலும் அந்தச் செலவு பிரீமியத்துக்குள்தான் இருக்கிறது. நம் ஊரில் அரசு மருத்துவமனைக்குப் போனால் காப்பர் டி என்ற செம்பு லூப் இலவசம். பிறகு எதற்கு இன்சூரன்ஸ்?

மீனா:
அண்ணா, பிரசவமும் நாள் குறித்து நடப்பதுதானே? சிசேரியனுக்கு நேரமே பார்த்து வைக்கிறார்கள். அதற்கு மட்டும் பாலிசி உண்டு. ஒரு பிரசவத்துக்குக் கொடுக்கும் 60,000-இல் கிட்டத்தட்ட நான்கு பேருக்கு லூப் போட்டுவிடலாம். அப்படிப் பார்த்தால் கணக்கு உங்கள் பக்கம் நிற்கவில்லை.

செல்வி, நர்ஸ்:
காப்பர் டி பற்றி நான் சொல்கிறேன், பதினோரு வருடமாக அரசு மருத்துவமனையில் இதே வேலைதான். எங்களிடம் இரண்டு வகை உண்டு, 380ஏ பத்து வருடத்துக்கு, 375 ஐந்து வருடத்துக்கு. இரண்டும் இலவசம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே போட்டுவிடவும் முடியும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் அந்தரா கருத்தடை ஊசியும் இலவசம். கைத்தோலுக்கு அடியில் வைக்கும் இம்ப்ளான்ட்டை 2023-ல் சில மாநிலங்களில், குறிப்பிட்ட மாவட்டங்களில் மட்டும் தொடங்கினார்கள்.

வருகிறவர்களில் பாதிப் பேர், அது நெஞ்சுக்கு ஏறிவிடும், உள்ளேயே தொலைந்துவிடும் என்று பயந்துகொண்டுதான் வருவார்கள். நான் ஒன்றை எடுத்து அவர்கள் உள்ளங்கையில் வைத்துவிடுவேன். தீக்குச்சி நீளம்கூட இருக்காது, வெள்ளை பிளாஸ்டிக்கில் செம்புக்கம்பி சுற்றியிருக்கும், கீழே மெல்லிய நூல் தொங்கும். இது கர்ப்பப்பைக்குள்தான் இருக்கும், இடம் மாறுவது மிக அரிது, நெஞ்சுக்கு ஏற வழியே இல்லை, நூலைத் தொட்டுப் பார்த்தே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம் என்பேன். விரலால் தடவிப் பார்ப்பார்கள். முகம் தெளியும்.

ஆனால் கணேசன் சார், மீனாவுக்கு நீங்கள் சொன்ன வழி பொருந்தாது. காப்பர் டி போட்டால் முதல் சில மாதங்கள் ரத்தப்போக்கு கூடும். ஹீமோகுளோபின் 8 இருக்கிறவருக்கு அதைப் போட்டு அனுப்ப எனக்கு மனசு வராது. போக்கைக் குறைப்பது ஹார்மோன் லூப், அது எங்கள் இலவச அலமாரியில் இல்லை.

கணேசன்:
அது எனக்குத் தெரியாது, சிஸ்டர். சரி, அப்படியென்றால் மீனாவின் கேஸ் வேறு மாதிரி. மீனா, டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

மீனா:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "ஹார்மோன் ஐ.யு.டி. பொருத்தப்பட்டது" என்று மட்டும், ஐ.யு.டி. என்றால் லூப்தான். ரத்தப்போக்கு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கணேசன்:
அங்கேதான் விஷயம். அதைப் படிக்கிற கிளெய்ம் ஆளுக்கு அது கருத்தடை மட்டும்தான். அதிக ரத்தப்போக்குக்கு இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. என்ன நோய், ஹீமோகுளோபின் எவ்வளவு, முன்னால் என்ன மாத்திரை கொடுத்தார்கள், ஏன் லூப் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மறுபரிசீலனைக்குப் போடுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும், கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும், இது ஓ.பி.-யில், அதாவது அட்மிட் ஆகாமல் நடந்தது. 24 மணி நேரம் அட்மிட் ஆகாமல், டேகேர் (அன்றே வீடு திரும்பும் சிகிச்சை) பட்டியலிலும் இல்லாமல் இருந்தால் அந்தக் காரணத்துக்காகத் தள்ளுவார்கள். உங்கள் பாலிசியில் ஓ.பி. செலவுக்கான ஓ.பி.டி. கவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மீனா:
பார்க்கிறேன் அண்ணா, நன்றி. ஆனால் ரத்தப்போக்கு இல்லாத, அடுத்த பிள்ளை வேண்டாம் என்று மட்டும் நினைக்கிற பெண்ணுக்கு என்ன பதில்? நோயாளி ஆனால்தான் அவளுக்குப் பணம் தருவீர்களா?

கலை (பீனியா):
நான் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறேன், இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடு உண்டு. காப்பர் டி-க்குக் காசு இல்லைதான். ஆனால் போய் வர ஒரு நாள் லீவு, அந்த நாள் கூலி போகும், அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். ஒரு தடவை போனால் டாக்டர் இல்லை, மறுபடி வா என்பார்கள். அடுத்து ஒரு நாள்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தால் இ.எஸ்.ஐ.-யில் பெண்ணுக்கு 14 நாள், ஆணுக்கு 7 நாள் முழுச் சம்பளம். லூப்புக்கு அப்படித் தனி ஏற்பாடு எதுவும் இல்லை. என் லைனில் இருக்கிற பெண்கள் 25, 26 வயதிலேயே ஆபரேஷன் செய்துவிட்டார்கள். என் அம்மா 24-ல்.

மீனா:
கலை, நீ சொன்னது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலும் இருக்கிறது. இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், லூப் போட்டவர்கள் 2.1 சதவீதம்தான். பணமும் லீவும் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தானே பெண்கள் தள்ளப்படுகிறார்கள்.

கணேசன்:
தனிநபர் பாலிசியில் சேர்க்கக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. தேவைப்படுகிறவர்கள் மட்டும் வாங்குவார்கள், பிரீமியம் தாறுமாறாக ஏறும். ஆனால் கம்பெனி குழு பாலிசி வேறு. அங்கே எல்லாரும் உள்ளே இருப்பார்கள். ஐ.வி.எஃப். இதே 17-ல்தான் இருக்கிறது, இருந்தும் பல கம்பெனிகள் கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கின்றன. கேட்டால் லூப்பையும் சேர்க்க முடியும். 1961 வருமான வரிச் சட்டத்திலேயே, ஊழியர்களின் குடும்ப நலத்துக்குக் கம்பெனி செய்யும் செலவுக்கு 36(1)(ix) பிரிவில் வரிக்கழிவு வைத்திருந்தார்கள். மீனா, உங்கள் ஹெச்.ஆர்.-க்கு ஒரு கடிதம் எழுதுங்கள், ரினியூவலுக்கு இரண்டு மாதம் முன்னால் கொடுக்க வேண்டும். வரைவை இங்கே போடுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.

மீனா:
ரினியூவல் ஏப்ரலில். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிப் போடுகிறேன். கையெழுத்துக்கு இன்னும் ஆறு பேர் தயாராக இருக்கிறார்கள்.

கலை:
செல்வி அக்கா, போட்ட பிறகு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எடுக்கக் காசு கேட்பார்களா? வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமா?

செல்வி:
எடுப்பதற்கும் காசு கிடையாது, என்றைக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். பத்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. லூப்பைப் போடுவதற்கும் எடுப்பதற்கும் அவர் கையெழுத்து வேண்டாம். எந்த மருத்துவமனை உனக்குப் பக்கம் என்று தனிச்செய்தியில் சொல், டாக்டர் நிச்சயமாக இருக்கும் நாளைக் கேட்டுச் சொல்கிறேன். ஒரே லீவில் முடித்துவிடலாம்.