பூரிக் கிழங்கில் கடலை மாவு எவ்வளவு?

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூரிக்குத் தொட்டுக்கொள்ளச் செய்யும் உருளைக்கிழங்கு மசாலில் கடலை மாவு எத்தனை கரண்டி கரைக்க வேண்டும் என்பது பற்றி இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு என்பது என் கருத்து: கிழங்கு எங்கிருந்து வந்தது, அதை எந்தச் சூட்டில் மசித்தோம். இவ்விரண்டையும் எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் பெரியவர். காட்பாடிப் பக்கம் ஒரு சிற்றுண்டிக் கடையில் நெடுங்காலம் சரக்கு மாஸ்டராக, அதாவது சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு சனிக்கிழமை மாலை நான் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்று, என் கையிலிருந்த ஒன்றை வாங்கிக் கட்டை விரலால் தோலை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். தோல் அசையவில்லை. “இன்னாம்மா, இது ஐஸ்ல கெடந்த கெழங்கு. மசால் இனிச்சிக்கினு கெடக்கும், அப்பறம் மொளகாவ அள்ளிப் போடுவே” என்றார். அடுத்த கடையில் இருந்த கோலார்க் கிழங்கைத் தேய்த்தபோது தோல் சுருண்டு வந்தது. அதையே அரைக் கிலோ வாங்கச் சொன்னார். ஆக்ரா போன்ற வடக்கத்திய ஊர்களில் மாசி, பங்குனி வாக்கில் தோண்டப்படும் கிழங்கு குளிர்பதனக் கிடங்குகளில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு நம் ஊருக்கு வருகிறது. அந்தக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுவதுதான் அந்த இனிப்புக்குக் காரணம். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இதுவே நடக்கும். அப்படிப்பட்ட கிழங்கு வந்துவிட்டால், வெயில் படாத இடத்தில் கூடையில் கொட்டி ஓரிரு வாரம் வெளியில் வைத்திருந்தால் இனிப்பு ஓரளவு குறைகிறது.

மறுநாள் காலை அவரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டே போனார். அடுப்பருகே நின்றது நான்தான். முதலில் தண்ணீரைக் கேட்டார். எங்கள் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும் அளவுக்கு உப்பு. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து கிழங்கை விறைப்பாகப் பிடித்துக்கொள்வதால் எத்தனை விசில் விட்டாலும் நடுவில் ஒரு கெட்டி நின்றுவிடும் என்பதால், காவிரிக் கூட்டுக் குடிநீரில்தான் வேகவைக்கச் சொன்னார். வெந்ததும் கை பொறுக்கும் சூட்டிலேயே தோலை உரித்து, பாதியை நன்றாக மசித்து, மீதியை நெல்லிக்காய் அளவில் உதிர்த்துவிட வேண்டும். ஆறிய கிழங்கின் மாவுச்சத்து இறுகிவிடுவதால் பிறகு எவ்வளவு பிசைந்தாலும் அது குழம்போடு கலக்காமல் துண்டு துண்டாக மிதக்கும். அதை மறைக்கத்தான் பலர் கடலை மாவை மேலும் மேலும் கரைத்து ஊற்றுகிறார்கள். நாம் சாப்பிடும் பல கடைகளின் மசால் நாக்கில் ஒட்டுவதற்கும் இதுவே காரணம் என்பது என் ஊகம்.

தாளிப்பில் புதுமை ஒன்றுமில்லை: கடுகு, கடலைப் பருப்பு, கீறிய பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, சிட்டிகை பெருங்காயம், மஞ்சள் தூள். ஆம்பூரில் இருக்கும் என் நாத்தனார் சோம்பும் பட்டையும் சேர்ப்பார். அது குருமாவுக்குப் போகிற வழி என்று நான் நினைத்தாலும் அவரிடம் சொன்னதில்லை. ஆனால் வெங்காயத்தில் மாஸ்டர் விட்டுக்கொடுக்கவே இல்லை. நீளவாக்கில் நறுக்கிய பெரிய வெங்காயம் மூன்றைக் கண்ணாடிபோல ஆகும்வரை மட்டும் வதக்கி, சிவக்கும் முன்பே இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். அந்தத் தண்ணீரில் வெங்காயம் துவண்ட பிறகே கிழங்கு இறங்க வேண்டும். தக்காளியோ எலுமிச்சையோ வேண்டுமென்றால் அடுப்பை அணைக்கும் நேரத்தில்தான், ஏனென்றால் புளிப்பு முன்னதாகச் சேர்ந்தால் கிழங்கு அதற்கு மேல் குழையாது.

கடலை மாவு கடைசியில்தான் வந்தது. அரைக் கிலோ கிழங்குக்கு ஒரே ஒரு தேக்கரண்டி. அதைக் கால் டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போகும்வரை சிறு தீயில் கொதிக்கவிட்டோம். நான் இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும் என்று நின்றபோது, “எறக்கும்மா, தட்டுல போறதுக்குள்ள அதுவே இறுகிக்கும்” என்று கையை அசைத்தார். பூரி சுட்டு முடிப்பதற்குள் மசால் அவர் சொன்ன பதத்துக்கு வந்திருந்தது. தாமதமாக எழுந்து வருகிறவர்களுக்காக மீந்ததை இளக்கும்போது பச்சைத் தண்ணீர் வேண்டாம். வெந்நீர் ஊற்றி ஒரு கொதி விட்டால் போதும்.