தோட்டத்து வீடு (குடும்பக் குழு)

சனி, மாலை 5.10

பாப்பு: உக்கடம் பழைய புத்தகக் கடையில் இன்று 40 ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. மஞ்சள் சாகுபடி பற்றிய சிறு நூல். அட்டை இல்லை. படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

சித்தி: அட்டையே இல்லாததற்கு 40 ரூபாயா? யார் எச்சில் தொட்டுப் புரட்டியதோ! முதலில் அதை வெயிலில் போடு கண்ணு.

அம்மா: விடுதி அறை முழுக்க இதே கதைதான். போன மாதம் வாங்கிய போட்டித் தேர்வுப் புத்தகத்தில் யாரோ எல்லா விடையையும் முன்பே குறித்து வைத்திருந்தார்கள்.

பாப்பு: அதிலும் பாதி தவறு.

மாமா: அம்மிணி, நீ வாங்கிய ஸ்கூட்டர்கூட யாரோ மூன்று வருடம் ஓட்டிக் களைத்ததுதானே?

சித்தி: வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவலாம் அண்ணா. புத்தகத்தைக் கழுவ முடியுமா?

அத்தை: எனக்கு அருவருப்பு இல்லை, ஆற்றாமைதான். என் அப்பா சேர்த்து வைத்திருந்த மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துத் தமிழ்ப் புத்தகங்கள் எல்லாம் பேப்பர் கடைக்கு எடைக்குப் போயின. கெட்டி அட்டை, கொள்ளை மலிவு. 1991-ல் சோவியத் உடைந்த பிறகு அங்கிருந்து வருவதும் நின்றுவிட்டது. இன்று பழைய கடையில் அவற்றைக் கண்டால் விலை கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

மாமா: நான் புதிதாகத்தான் வாங்குவேன். ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா, ஒரே மூச்சில் வாங்கி முடித்துவிடுவேன். பழையதை வாங்கினால் எழுதியவருக்கு ஒரு பைசா போகாது.

பாப்பு: போன திருவிழாவில் வாங்கிய பை இன்னும் பிரிக்காமல் பீரோ மேலேதானே இருக்கிறது மாமா?

அத்தை: நான் எதுவும் சொல்லவில்லை.

அப்புச்சி: பழையதில் என்ன குறை? கருங்கல்பாளையம் சந்தையில் மாட்டை எப்படி வாங்குகிறோம்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். நீ பக்கமெல்லாம் எண்ணிப் பார்த்தாயா சாமி?

பாப்பு: பார்த்தேன் அப்புச்சி, ஒன்றும் குறையவில்லை. இராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை மட்டும் நான்கைந்து. நான் வாங்கியதே ஓரத்துப் பென்சில் எழுத்துக்காகத்தான். யாரோ விவசாயி. “விரலியையும் கிழங்கையும் ஒன்றாகப் போடாதே, கிழங்கு வேகாது” என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். விரலி என்றால் விரல்போல் நீண்டது, கிழங்கு என்றால் தடித்த உருண்டை, அதுதானே?

அப்புச்சி: யார் அந்த ஆள்? கிழங்கைப் பிளந்து போட்டால் ஏன் வேகாது?

சித்தி: எந்தக் காலத்து எழுத்தோ அப்பா, அதனோடு சண்டைக்குப் போகிறீர்களே!

அப்புச்சி: 40 வருடம் கொப்பரையில் மஞ்சள் வேகவைத்தவன் நான்.

பாப்பு: இருங்கள் அப்புச்சி, கீழே இன்னும் இருக்கிறது. “பிளந்தால் வேகும், சாயம் தண்ணீரில் இறங்கிவிடும்.”

மாலை 5.52

அம்மா: என்ன அப்பா, பதிலையே காணோம்?

அப்புச்சி: எந்த ஊர்க்காரர் என்று முன்பக்கத்தில் எழுதியிருக்கிறதா?

பாப்பு: இருந்திருந்தாலும் அட்டையோடு போயிருக்கும்.

அப்புச்சி: அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படம் எடுத்து அனுப்பு சாமி. வெளிச்சம் போதவில்லை. அடுத்த வாரம் வரும்போது புத்தகத்தையும் எடுத்து வா. ஒரு பென்சிலும் கொண்டு வா.

சித்தி: வெயிலில் போட்டுவிட்டு எடுத்து வா.