டெல்லி வானத்தில் இருப்பது புழுதியா புகையா? சாட்டிலைட் படத்தில் பிரிப்பது எப்படி?

மயூர்விகார்வாசி:
நேற்று மாலையிலிருந்து வானம் மண் நிறத்தில் இருக்கிறது. நாசாவின் சாட்டிலைட் படத் தளமான வேர்ல்ட்வியூவில் பார்த்தால் ராஜஸ்தான், ஹரியானா எல்லாம் ஒரே பழுப்பு. தார் பாலைவனப் புழுதியா, கோதுமைத் தாள் எரித்த புகையா? எதை வைத்துச் சொல்வது?

ஆர்கேபுரம்_வானிலை:
சாதாரண வண்ணப் படத்தில் பாலைவனத்தின் மேல் புழுதியைத் தேடாதீங்க. தரையும் அதே நிறம்தான். அரபிக்கடல் மேல் போனால் பளிச்சென்று தெரியும், இங்கே தெரியாது.

ஐரோப்பிய வானிலை சாட்டிலைட் படங்களைக் காட்டும் யூமெட்வியூ தளத்தில் இந்தியப் பெருங்கடலுக்கான 'டஸ்ட் ஆர்ஜிபி' (புழுதியைத் தனி நிறத்தில் காட்டும் கலவை) லேயரைப் போடுங்க. 45.5° கிழக்கில் நிற்கும் மெட்டியோசாட்-9 சாட்டிலைட் எடுப்பது, 15 நிமிடத்துக்கு ஒரு படம். அதன் மூன்று நிறங்களுமே அகச்சிவப்பு சேனல்களிலிருந்து வருபவை, அதனால் ராத்திரியிலும் வேலை செய்யும். கீழே உள்ள மைக்ரான் எண்கள் சேனலின் அலைநீளம்; அதில் அளந்த வெப்பநிலையோ, இரண்டு சேனல் வெப்பநிலைகளின் வித்தியாசமோதான் நிறமாகிறது.

சிவப்பு: 12.0 கழித்தல் 10.8 மைக்ரான், −4 முதல் +2 கெல்வின்
பச்சை: 10.8 கழித்தல் 8.7, 0 முதல் 15, காமா (நிறத்தின் வெளிச்சத் திருத்தம்) 2.5
நீலம்: 10.8 மட்டும், 261 முதல் 289

சிலிகேட் துகள் 12-ஐவிட 10.8-ஐ அதிகம் உறிஞ்சும், அதனால் சிவப்பு ஏறும். வெறும் மணலில் 10.8-க்கும் 8.7-க்கும் இடைவெளி பெரிசு. புழுதி மூடினால் அது சுருங்கி பச்சை இறங்கும். தரைச் சூட்டில் நீலம் ஏற்கெனவே உச்சத்தில். மொத்தத்தில் ரோஸ்-மெஜந்தா. இந்திய வானிலை சாட்டிலைட்டான இன்சாட்-3டிஆரில் 8.7 சேனல் கிடையாது, அதில் இதே கலவையைப் போட முடியாது.

துவாரகா_செக்டர்:
ஒரு சேர்க்கை. காற்றில் ஈரம் ஏறினால் அந்த ரோஸ் வெளுத்துவிடும். ஜூன் கடைசியில் ரோஸ் இல்லை என்பதால் புழுதி இல்லை என்று ஆகாது. இடிமழை கிளப்பும் ஆந்தி (வட இந்தியப் புழுதிப் புயல்) என்றால் இன்னும் மோசம்: மேகத்தின் தலைப்பகுதி விரிந்து புழுதியை மறைத்துவிடும். அப்போது டெல்லி பாலம் விமான நிலைய மெட்டாரை (விமான நிலைய வானிலை அறிக்கை) பாருங்க. டிஎஸ் என்றால் புழுதிப் புயல், பிஎல்டியூ என்றால் பறக்கும் புழுதி, எஃப்யூ என்றால் புகை.

மயூர்விகார்வாசி:
நன்றி. சென்டினல்-5பி சாட்டிலைட்டின் ஏரோசால் இண்டெக்ஸ் (காற்றில் மிதக்கும் துகள்களைக் காட்டும் குறியீடு) போதாதா?

ஆர்கேபுரம்_வானிலை:
போதாது. புற ஊதாவை உறிஞ்சும் எதுவும் அதில் ஏறும், புகையும் சேர்த்து. புகையா என்று பார்க்க வீர்ஸ் (தீ எரியும் இடங்களைக் கண்டுபிடிக்கும் சாட்டிலைட் கருவி) தீப்புள்ளிகளை பஞ்சாப், ஹரியானா மேல் போடுங்க. கூடவே பக்கத்துக் காற்றுத்தர நிலையத்தில் பிஎம்10 (10 மைக்ரான் வரையிலான துகள்), பிஎம்2.5 (2.5 மைக்ரான் வரையிலான நுண்துகள்) இரண்டையும் பாருங்க. பிஎம்10 மட்டும் எகிறினால் புழுதி. பிஎம்2.5-உம் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்தால் புகையைச் சந்தேகப்படலாம்.

படத்தில் இருக்கும் நேரம் யூடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். மாலை 6 மணி ஆந்திக்கு 12:30 படத்தைத் திறக்கணும். நிறைய பேர் 18:00-ஐத் திறந்துவிட்டு ஒன்றும் இல்லை என்கிறார்கள்.