கார்த்திகை மழையில் கோடியக்கரை: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நவம்பர் கடைசியில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கோடியக்கரை வரை காரில் போகிறோம். அம்மாவும் கூட வருகிறார். மழைக்காலம் என்று தெரிந்தேதான் கிளம்புகிறோம். பூநாரைகள் வந்து இறங்குவதும் அந்தச் சமயத்தில்தானே.

வழியில் மரக்காணம் பக்கம் கழுவெளி ஏரியில் பறவை பார்க்க ஆசை. வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்ட அங்கே இடம் உண்டா? அப்புறம் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையிலிருந்து மழைக் கடலைப் பார்க்க வேண்டும். அதுவரை கவலையில்லை.

என் குழப்பமெல்லாம் கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்தைப் பற்றித்தான். முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, திருகிய கொம்போடு நிற்கும் ஆண் வெளிமானை அம்மாவுக்கு எப்படியாவது காட்டிவிட வேண்டும். புல்வெளியில் தண்ணீர் தேங்கினால் மான்கள் எந்தப் பக்கம் ஒதுங்கும்? காலையில் போவது நல்லதா, மாலையிலா? சேற்றில் சாதாரணக் கார் போகுமா, அல்லது வனத்துறையிடம் வண்டி கேட்க வேண்டுமா? ராமர் பாதம் மேட்டிலிருந்து சதுப்பு நிலம் முழுவதும் தெரியும் என்கிறார்கள். முட்டிவலிக்காரர் அங்கே ஏற முடியுமா?

வேதாரண்யத்தில் குடும்பத்தோடு தங்க நல்ல இடம் இருந்தாலும் சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுவோம். சமீபத்தில் நாகப்பட்டினம் தாண்டிப் போனவர்கள் சாலை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் பெரிய உதவி.