தியோமானில் டைவ் முடித்துவிட்டு நானே விமானம் ஓட்டித் திரும்பலாமா? 12, 18, 24 மணி நேரத்தில் எது சரி?

சுபாங்_வானோடி

வணக்கம். கோலாலம்பூரில் இருக்கிறேன். தனியார் விமானி உரிமம் உண்டு. சுபாங்கிலிருந்து செஸ்னா 172 வாடகைக்கு எடுத்துப் பறக்கிறேன். நான், மனைவி, மச்சான் மூவரும் ஸ்கூபா சான்றிதழ் வாங்கியவர்கள். அடுத்த மாதம் நானே ஓட்டித் தியோமான் தீவுக்குப் போகலாம் என்று திட்டம். வெள்ளி காலை புறப்பாடு, அன்று மதியமும் சனி முழுவதும் டைவ், ஞாயிறு காலை கடைசியாக ஒரு டைவ், மாலை நாலு மணிக்குத் திரும்பல்.

திரும்பும் நேரம்தான் இடிக்கிறது. டைவ் முடிந்து பறப்பதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு, விமானப் பாடத்தில் படித்தது 12 மணி நேரம். டைவிங் வகுப்பில் சொன்னது 18. போன தடவை பெர்ஹெந்தியான் தீவில் என் டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கைக்கருவி) காட்டியது 24. எதை நம்புவது? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. இந்த எண்களெல்லாம் 35,000 அடியில் போகும் பெரிய விமானங்களுக்குத்தானே? 1,500 அடியிலேயே தாழ்வாக வந்துவிட்டால் காத்திருக்கவே வேண்டாம் என்று பறக்கும் நண்பர் ஒருவர் சொல்கிறார். குடும்பத்தோடு போவதால் ஊகத்தில் கிளம்ப மனமில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலக்கடல்_பினாங்கு

அண்ணா, முதலில் ஞாயிறு காலை டைவை எடுத்துவிடுங்கள். பத்து மணிக்கு மேலே வந்து நாலு மணிக்குப் பறந்தால் இடைவெளி ஆறே மணி நேரம். நீங்கள் எழுதிய மூன்று எண்ணில் மிகச் சிறியதற்கே அது பாதிதான்.

மூன்று எண்ணும் மூன்று இடத்திலிருந்து வந்தவை. விமானப் பாடத்து 12 அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ விமானிகளுக்குத் தரும் பரிந்துரை. டிகம்ப்ரஷன் ஸ்டாப் (உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, மேலே வரும் வழியில் கட்டாயமாக நிற்பது) தேவைப்படாத டைவுக்குப் பிறகு 8,000 அடி வரை பறக்க 12 மணி நேரம், ஸ்டாப் தேவைப்பட்ட டைவ் என்றால் 24, 8,000 அடிக்கு மேலே போவதென்றால் எந்த டைவாக இருந்தாலும் 24. ஒரு டைவா, ஐந்து டைவா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. டைவிங் பக்கம் அதைப் பிரிப்பார்கள். டைவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் அமைப்பு 2002இல் நிபுணர்களைக் கூட்டி வகுத்த வழிகாட்டலில், ஸ்டாப் இல்லாத ஒற்றை டைவுக்குக் குறைந்தது 12. ஒரே நாளில் பல டைவ், அல்லது பல நாள் தொடர்ந்து டைவ் என்றால் குறைந்தது 18. டிகம்ப்ரஷன் ஸ்டாப் போட வேண்டியிருந்தால் 18ஐவிட நன்றாகவே அதிகம். கம்ப்யூட்டர் விஷயம் மாடலைப் பொறுத்தது. சிலவற்றில் கடைசி டைவ் முடிந்ததும் 24 மணி நேரக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். சில உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜனைக் கணக்கிட்டுச் சொல்லும். உங்கள் கையேட்டைப் பாருங்கள்.

உங்களுடையது தொடர் டைவ், அதனால் 12 என்ற பேச்சுக்கே இடமில்லை. 18 என்பது குறைந்தபட்சம். கம்ப்யூட்டர் அதற்கு மேல் காட்டினால் கம்ப்யூட்டர் சொல்வதைக் கேளுங்கள். நான் என் மாணவர்களுக்கு 24 என்றே சொல்லித் தருகிறேன்.

நிறையப் பேர் குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கிறோமே, அது முன்னெச்சரிக்கைக்கு நிற்கும் சேஃப்டி ஸ்டாப். மேலே சொன்ன டிகம்ப்ரஷன் ஸ்டாப்பில் அது சேராது.

கடல்_மருத்துவம்

பெரிய விமானத்துக்கு மட்டும்தானே என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 35,000 அடியில் போகும் பயணிகள் விமானத்தின் உள்ளே அழுத்தத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். உட்கார்ந்திருப்பவரின் உடம்புக்கு அது ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம். உங்கள் செஸ்னாவில் அந்த வசதி கிடையாது. 7,500 அடியில் பறந்தால் உங்கள் உடம்பும் 7,500 அடியில்தான் இருக்கிறது. சின்ன விமானம் என்பதால் எந்தச் சலுகையும் இல்லை. டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டலும் 2,000 முதல் 8,000 அடி வரையிலான உயரத்துக்கென்றே எழுதப்பட்டது. அதாவது நீங்கள் சாதாரணமாகப் பறக்கும் உயரம் முழுக்க அதற்குள் அடக்கம்.

18 மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் உள்ள அழுத்தம் ஏறக்குறைய 2.8 வளிமண்டலம். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்ல நுரையீரல் வழியே வெளியேற வேண்டும். ரத்தத்திலிருந்து சீக்கிரம் போய்விடும். ரத்த ஓட்டம் குறைந்த திசுக்களில் பல மணி நேரம் தங்கும். அது தங்கியிருக்கும்போதே 8,000 அடிக்கு ஏறினால் வெளி அழுத்தம் ஏறக்குறைய 0.75 வளிமண்டலமாகக் குறைகிறது. கரைந்திருந்தது குமிழியாகிறது. மூட்டுவலி, மரத்துப்போதல், தோலில் தடிப்பு, தலைசுற்றல், கால் பலவீனம் எல்லாம் அதனால் வருபவை.

பயணியாக இருந்தால் இது அவர் உடம்புப் பிரச்சினையோடு நிற்கும். விமானிக்கு உள்காதைத் தாக்கித் தலைசுற்றினால் விமானத்தில் இருக்கும் மூவருக்கும் அது ஆபத்து. அதனால்தான் கட்டுப்பாட்டுக் கைப்பிடியைப் பிடிப்பவர் மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. இந்த எண்களுக்கு அடிப்படையான சோதனைகள் 1990களில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் அழுத்த அறைக்குள் நடந்தவை. கலந்துகொண்டவர்கள் உலர்ந்த நிலையில், ஓய்வாக இருந்தவர்கள். நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் மேலே வருகிற நம் நிலை வேறு. 18 மணி நேரம் ஆனதும் ஆபத்து முழுதாக நீங்கிவிடுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய_கேப்டன்

தம்பி, அந்த 1,500 அடி யோசனையை விட்டுவிடுங்கள். டைவிங் கணக்கைத் தள்ளி வைத்து, பறக்கிறவன் கண்ணால் மட்டும் பார்த்தாலே அது நிற்காது.

தியோமானுக்கும் பெருநிலக் கரைக்கும் இடையே ஏறக்குறைய 32 கிலோமீட்டர் கடல். இயந்திரம் நின்றால் 172 ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய ஒன்றரைக் கடல் மைல் மிதந்து இறங்கும். 1,500 அடியில் இருந்தால் நாலு கிலோமீட்டர் சொச்சம், அவ்வளவுதான். பயணத்தின் பெரும்பகுதி கரை எட்டாத தூரத்தில். 6,000 அடியில் இருந்தால் நடுக்கடலிலிருந்தும் ஏதோ ஒரு கரையைத் தொட வாய்ப்பு உண்டு. ஒற்றை இயந்திரத்தோடு கடல் தாண்டுகிறவனுக்கு உயரமே காப்பு. டைவ் பண்ணின உடம்புக்கோ உயரம் ஆகாது. இரண்டையும் ஒரே நேரத்தில் சரிக்கட்ட முடியாது. காத்திருந்து நைட்ரஜனைக் கழித்துவிட்டால் வேண்டிய உயரத்தில் தாராளமாக வரலாம்.

கரை வந்த பிறகும் தாழ்வாகவே வர முடியுமா? தியோமானிலிருந்து சுபாங்குக்கு நேர்கோடு போட்டால் உலு லங்காட் பக்கத்து மலைகள் குறுக்கே வரும். அங்கே நுவாங் மலை 1,493 மீட்டர், ஏறக்குறைய 4,900 அடி. தெற்கே சிரம்பான் பக்கம் சுற்றி வரலாம். ஆனால் மதியத்துக்கு மேல் மேகம் கட்டி இடி மழை இறங்கினால் ஏறச் சொல்லும், விலகச் சொல்லும். அப்போது "நான் டைவ் பண்ணியிருக்கிறேன், ஏற மாட்டேன்" என்று யாரிடம் சொல்வீர்கள்? அதனால் காலையில் கிளம்புங்கள்.

செபராங்_பிறை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் விமானி இல்லை, காரில் போகிறவன். பெர்ஹெந்தியானில் டைவ் முடித்து, கோல பெசுட்டிலிருந்து குவா மூசாங் வழியாக அன்றைக்கே கேமரன் மலை ஏறி ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் பினாங்கு வரலாம் என்று இருக்கிறோம். இது எனக்கும் பொருந்துமா?

கடல்_மருத்துவம்

பொருந்தும். உடம்புக்குக் காரும் விமானமும் ஒன்றுதான், உயரத்தை மட்டும் பாருங்கள். தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர், 4,700 அடிக்கு மேல். மேலும் நீங்கள் ஏறிவிட்டு உடனே இறங்கப் போவதில்லை, ராத்திரி முழுக்க அங்கேயே இருக்கப் போகிறீர்கள். கெந்திங் மலை இன்னும் உயரம், 1,800 மீட்டர் அளவு. வரிசையை மாற்றுங்கள்: மலையை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்குப் போங்கள்.

சுபாங்_வானோடி

எல்லோருக்கும் மிக்க நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன். வெள்ளி காலை போய், மதியம் இரண்டு டைவ். சனி காலை இரண்டு, கடைசியாக மேலே வருவது 11 மணிக்குள். அதற்குப் பிறகு சும்மா கரையோரம் ஸ்நோர்க்கலிங். ஞாயிறு 11 மணிக்குப் புறப்பாடு. கேப்டன் ஐயா, அந்த நேரம் தாமதமா? மச்சான் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) எடுத்தால் காத்திருக்கும் நேரம் குறையுமே என்கிறார். போய் இறங்கிய அன்றே டைவ் பண்ணலாம்தானே?

நீலக்கடல்_பினாங்கு

நைட்ராக்ஸில் நைட்ரஜன் குறைவாக ஏறும், உண்மைதான். அதைக் கூடுதல் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள். பறந்து போய் டைவ் பண்ணுவதில் அழுத்தச் சிக்கல் எதுவும் இல்லை. களைப்பு இருக்கக் கூடாது, நிறையத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். யாருக்காவது சளி பிடித்திருந்தால் டைவையே விட்டுவிடுங்கள். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை போட்டு விமானம் ஓட்டுவது அதைவிட மோசம். சனிக்கிழமை இரண்டில் ஆழமானதை முதலில் முடியுங்கள்.

பழைய_கேப்டன்

11 மணி பரவாயில்லை, அதற்கு மேல் தள்ளாதீர்கள். வானிலை சரியில்லை என்றால் திங்கட்கிழமை வரத் தயாராக இருங்கள். மறுநாள் அலுவலகம் என்ற நெருக்கடிதான் நல்ல விமானிகளையும் மேகத்துக்குள் இழுக்கிறது. அதற்குச் சேர்த்து இப்போதே விடுப்பு சொல்லி வையுங்கள். நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை, அப்போது இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம்.

எடையை யாருமே கேட்கவில்லை. 172எஸ் என்றால் புறப்படும்போது அதிகபட்சம் 1,157 கிலோ. வெறும் விமானம் 770 கிலோ அளவு என்று வைத்தால் மிச்சம் 387. டேங்கை நிரப்பினால் எரிபொருளே 144 கிலோ. மூன்று பேர் ஆளுக்கு 75 என்றால் 225. பைகளுக்கு மீதி 18 கிலோ. மூன்று பேரின் ரெகுலேட்டர் (சுவாசக் கருவி), பிசிடி (மிதவைச் சட்டை), கால் துடுப்பு எல்லாம் அதற்குள் அடங்காது. மாஸ்க், கம்ப்யூட்டர், அவரவர் ரெகுலேட்டர் மட்டும் கொண்டு போங்கள், மற்றதை அங்கே வாடகைக்கு எடுங்கள். சிலிண்டரும் இடுப்பில் கட்டும் ஈய எடையும் விமானத்தில் ஏறவே கூடாது. இவை தோராய எண்கள். உங்கள் விமானத்தின் எடைத் தாளை வைத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள். தியோமான் ஓடுபாதை ஏறக்குறைய 990 மீட்டர், ஒரு பக்கம் மலை, அதனால் கடல் பக்கமாக வந்து இறங்கிக் கடல் பக்கமாகவே ஏற வேண்டும். அதிக எடையோடு அங்கே நிற்காதீர்கள். முன் அனுமதி, எரிபொருள் இரண்டையும் கிளம்பும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உயிர்காப்புச் சட்டையைக் கடல் தாண்டும்போது மூவரும் போட்டிருக்க வேண்டும். விமானத்துக்குள் வைத்து ஊதக் கூடாது என்பதை மனைவிக்கும் மச்சானுக்கும் தரையிலேயே சொல்லிவிடுங்கள்.

சுபாங்_வானோடி

அந்த எடைக் கணக்கை இன்றே போடுகிறேன் ஐயா. கடைசியாக டாக்டரிடம் ஒன்று: சனி இரவு யாருக்காவது தோள் வலி, மரத்துப்போதல் மாதிரி வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

கடல்_மருத்துவம்

நீங்கள் ஏற்றிக்கொண்டு பறக்கக் கூடாது, அது முதல் விஷயம். டைவ் கடையில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களா என்று வெள்ளிக்கிழமையே கேட்டு, எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். இல்லாத கடையில் டைவ் பண்ணாதீர்கள். அறிகுறி தெரிந்தால் படுக்க வைத்து நூறு சதவீத ஆக்சிஜன் கொடுங்கள், தீவின் மருத்துவமனையையும் 999ஐயும் அழையுங்கள். கடைசி டைவின் ஆழமும் நேரமும் கேட்பார்கள், கம்ப்யூட்டரைக் கையோடு கொடுத்தனுப்புங்கள். சிகிச்சை அழுத்த அறையில்தான். பேராக் லுமுட் கடற்படைத் தளத்து ராணுவ மருத்துவமனையில் அது இருக்கிறது; எங்கே அனுப்புவது என்பதை மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். ஹெலிகாப்டரில் கொண்டுபோனாலும் முடிந்தவரை தாழ்வாகவே பறப்பார்கள். ஆக்சிஜன் கொடுத்ததும் வலி போய்விட்டது என்று சிலர் எழுந்து நடப்பார்கள். அப்போதும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமைப் பயணம் ரத்து.

உங்களுக்கே அந்த அறிகுறி வந்தாலும் இதேதான். விமானம் தியோமானிலேயே நிற்கட்டும், அதை எடுத்துவர வேறொரு விமானியை அனுப்ப முடியுமா என்று வாடகைக்குக் கொடுப்பவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.