லைனர், ஃபில்லெட்: தமிழில் என்ன எழுதலாம்?

தண்டையார்பேட்டையிலிருந்து:
வணக்கம். படச்சட்டம் செய்யும் பயிற்சி வகுப்புக்குக் குறிப்பேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வெளிச்சட்டத்துக்கும் கேன்வாஸ் ஓவியத்துக்கும் நடுவே வரும், பெரும்பாலும் துணி ஒட்டிய சட்டம் லைனர். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையில், படம் தெரிய வெட்டிய சன்னலின் ஓரத்தில் தங்கக் கோடு போலத் தெரியும் மெல்லிய குச்சி ஃபில்லெட். இரண்டுக்கும் ‘உட்சட்டம்’ என்றால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

பெரம்பூரிலிருந்து:
லகரமும் ஆய்தமும் மொழிமுதலில் வாரா. லைனரின் வேர் லத்தீன் லீனும், அதாவது ஆளிச்செடி. உள்ளே லினன் துணி வைத்துத் தைத்ததால் வந்த பெயர். ஆகவே ‘ஆளிச்சட்டம்’. ஃபில்லெட்டின் வேர் ஃபீலும், நூல். ‘இழை’ போதும்.

இராயபுரத்திலிருந்து:
ஆளி என்றால் கோயில் தூணில் நிற்கும் யாளி ஐயா. இலங்கையில் அது சுவிட்ச். மாணவன் எதைத் தேடுவான்?

வண்ணாரப்பேட்டையிலிருந்து:
தேவராஜ முதலி தெருவில் ‘உள் பீடிங்’ கேளுங்கள், குச்சியை எடுத்து நீட்டுவார்கள். ‘இழை’ கேட்டால் நூல்கடைக்கு வழி சொல்வார்கள். முதலில் அளவை ஒழுங்காக எழுதுங்க. குச்சி 3 மி.மீ. தெரிய வேண்டுமென்றால், அட்டைச் சன்னலை நீளத்திலும் அகலத்திலும் 6 மி.மீ. கூட்டி வெட்டணும். குச்சியின் தடிமனுக்கு அட்டை தூக்கிக்கொள்ளும். பின்னால் ஃபோம் போர்டு கொடுத்துச் சமன் செய்யணும். மரம் காகிதத்தில் பட்டால் நாளடைவில் பழுப்பேறும், நடுவே தடுப்பு நாடா ஒட்டணும். லைனர் போட்டால் வெளிச்சட்டத்துக்கு லைனரின் வெளியளவுதான் கணக்கு, படத்தின் அளவு இல்லை. புதுப் பையன்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

வியாசர்பாடியிலிருந்து:
சேலைக்குக் கரை உண்டே! ஃபில்லெட்டை ‘உட்கரை’ என்றால் என்ன?

இராயபுரத்திலிருந்து:
எழுத்தில் அழகு. வகுப்பில் வாயால் சொன்னால் ‘உட்கறை’ ஆகிவிடும். காசு கொடுத்து யார் கறை கேட்பார்கள்?

பெரம்பூரிலிருந்து:
சென்னை றகரத்தைத் தொலைத்ததற்குச் சொல் பொறுப்பா? பீடிங்கும் மணியிலிருந்து வந்ததுதான். ‘மணிச்சட்டம்’ என்றிருப்பேன், அதை அபாகஸ் கொண்டுபோய்விட்டது.

தண்டையார்பேட்டையிலிருந்து:
சரி. லைனருக்குத் ‘துணிச்சட்டம்’ என்று சிலர் தனிமடலில் சொன்னார்கள். துணியில்லாமல் தங்கப்பூச்சு மட்டும் பூசிய லைனரும் உண்டு, பொருந்தாது. ‘அகச்சட்டம்’, ‘உள்விளிம்பு’ என்று போட்டுப் பக்கத்திலேயே லைனர், பீடிங் என்றும் எழுதிவிடுகிறேன். பெரும்பாலோர் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பெரம்பூரிலிருந்து:
உள்விளிம்பு இடத்தின் பெயர், பொருளின் பெயர் அன்று. என் மறுப்பு இருக்கட்டும். அப்புறம், ‘சட்டம்’ என்பதன் வேரிலேயே எனக்கு ஐயம் உண்டு. நாளை விரிவாக எழுதுகிறேன்.