புதுப்பிப்பு: தேவார வகுப்பை மூடவில்லை

பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டதால், மயிலாப்பூரில் நான் நடத்தும் ஞாயிறு தேவார வகுப்பை மூடிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன், மூடவில்லை. மனம் தளர்ந்திருந்த வேளையில், மயிலையில் சம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்தை எடுத்தேன். பாம்பு கடித்து இறந்த பூம்பாவை என்ற பெண்ணின், குடத்திலிருந்த எலும்பையும் சாம்பலையும் நோக்கி, அவளை உயிர்ப்பிக்க, ஓணம், கார்த்திகை விளக்கு, தைப்பூசம், பங்குனி உத்திரம் என ஊர்த் திருவிழாக்களை அடுக்கி, இவற்றைக் காணாமலா போவாய் என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கும் பதிகம் அது.

"பதிலே வராமல் எப்படி ஐயா அத்தனை பாட்டுப் பாடினார்?" என்றாள், இடையில் நின்றுபோய் மீண்டும் வந்திருந்த சிறுமி. கேள்வி எனக்கே உரியதாகப் பட்டது.

இப்போது வருவோர் சிலரே. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் நடக்கும், பூம்பாவையை உயிர்ப்பிக்கும் நிகழ்ச்சிக்குள் பதிகம் முழுவதையும் மனப்பாடம் செய்யவைக்க முயல்கிறேன்.